குடும்பக் குழுவில் குமாரின் கமரோ

குமார் (சின்சினாட்டி): சித்தப்பா, வண்டி திங்கட்கிழமை பெயின்ட் கடைக்குப் போகிறது. 1968 ஷெவர்லே கமரோ இசட்/28, லீ மான்ஸ் நீலம். வெள்ளைப் பட்டையை ஸ்டிக்கராக ஒட்டி, மேலே நிறமில்லாத கிளியர் கோட் அடித்துத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்குமாம். சரி சொல்லிவிடட்டுமா?

சித்தப்பா (டெட்ராய்ட்): பொறுடா. சொல்லாதே.

சித்தப்பா: அந்தப் பட்டை ஃபேக்டரியில் பெயின்ட்தான். நீல லாக்கர் பெயின்ட் அடித்து, டேப் ஒட்டி மறைத்து, அதன் மேல் வெள்ளை அடித்தார்கள். கிளியர் கோட் அப்போது கிடையாது. பட்டையின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தால் ஒரு சின்ன மேடு தட்டும். உன் வண்டியிலும் அது தட்ட வேண்டும்.

செல்வி அக்கா: வழவழப்பாக இருந்தால் நல்லதுதானே சித்தப்பா?

சித்தப்பா: பார்வைக்கு நல்லதுதான் செல்வி. ஆனால் இவன் ஃபேக்டரியிலிருந்து வந்தபடி வேண்டும் என்றுதானே இவ்வளவு நாளாக உழைக்கிறான். அப்புறம் பட்டை பானெட்டிலும் டிக்கியிலும் மட்டும்தான். கடைக்காரர் ஆசைப்பட்டுக் கூரையிலும் இழுத்துவிடப் போகிறார், சொல்லி வை.

மச்சான் (டெக்சஸ்): என் நண்பனுடைய மஸ்டாங் பாஸ் 302-இல் பட்டை ஸ்டிக்கர்தானே? அதுவும் ஒரிஜினல் என்கிறான்.

சித்தப்பா: அவர் சொல்வது சரி மாப்பிள்ளை. அது ஃபோர்டு. 1970 பாஸ் 302-க்கு வந்தது 3எம் கம்பெனியின் ஒளி திருப்பும் டேப். இரவில் பின்னால் வரும் வண்டியின் விளக்கு பட்டால் மின்னும். அந்த வண்டிக்குப் பெயின்ட் அடித்தால்தான் தப்பு. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதம்.

குமார்: புரிந்தது. பேட்ஜுக்குக் கவலை இல்லை. முன் சக்கரத்துக்கு மேலே இருக்கிற இரண்டு ஃபெண்டருக்கும் இசட்/28 பேட்ஜ் புதுசு ஆர்டர் போட்டுவிட்டேன்.

சித்தப்பா: அதையும் நிறுத்து. ஃபயர்வாலில், அதாவது இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிற தடுப்பில், ரிவெட் அடித்த சின்னத் தகடு இருக்கும், அதன் படம் அனுப்பு.

குமார்: 📷

சித்தப்பா: பெரிதாக்கிப் பார்த்தேன். பெயின்ட் குறி யு, லீ மான்ஸ் நீலமேதான். என்ஓஆர் என்றால் நார்வுட், அதாவது உங்கள் ஊர் ஃபேக்டரி. தேதி 11பி. நவம்பர் இரண்டாம் வாரம், அதாவது 1967 நவம்பர். 1968 மாடலை முந்தைய ஆண்டே கட்டத் தொடங்கிவிடுவார்கள். இதுதான் முக்கியம். 1967 மாடல் இசட்/28-க்குப் பேட்ஜே கிடையாது, பட்டை மட்டும்தான். 1968 மாடலில் முதலில் ஃபெண்டரில் "302" என்ற எண் வந்தது. "இசட்/28" என்ற பேட்ஜ் அந்த மாடல் ஆண்டின் நடுவில்தான் வந்தது. உன் வண்டி அதற்கு முன்னால் பிறந்தது. இதில் இசட்/28 பேட்ஜ் வைத்தால், தெரிந்தவர்கள் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்பா: தம்பி, அந்த 302 என்ன கணக்கு?

சித்தப்பா: இன்ஜின் அளவு அண்ணா, கன அங்குலத்தில். டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தில் 305-க்கு மேல் போகக் கூடாது. அதற்காகவே ஷெவர்லே இந்த இன்ஜினைச் செய்தது. 1968-இல் மார்க் டோனஹூ கமரோவில் அந்தப் பட்டத்தை ஜெயித்தார். அந்த எண்ணைத்தான் ஃபெண்டரில் பெருமையாக ஒட்டினார்கள். 1968 இசட்/28 மொத்தம் 7,199 வண்டி, அதில் முன்பகுதியில் வந்தவற்றுக்குத்தான் இந்த எண்.

மச்சான்: பேட்ஜ் இருக்கட்டும் மாமா, இது அசல் இசட்/28 என்பதே எப்படித் தெரியும்? சேசிஸ் நம்பரில் வருமா?

சித்தப்பா: வராது. வி8 கூபே, நார்வுட் என்பது வரைதான் அந்த எண் சொல்லும். 1968 தகட்டிலும் இசட்/28 என்று இருக்காது. ஃபோர்டு வண்டி என்றால் ஃபேக்டரிப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். ஷெவர்லேக்கு அமெரிக்காவில் அப்படி எதுவும் இல்லை. குமார், இன்ஜின் பிளாக்கில் வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் தட்டையாக ஓர் இடம் இருக்குமே, அதில் பொறித்திருக்கும் குறியின் கடைசி எழுத்துகள் என்ன?

குமார்: எம்ஓ. முதல் ஓனரின் வாரன்டிப் புத்தகத்தில் இருந்த உலோகத் தகட்டிலும் அதேதான்.

சித்தப்பா: அப்படியா! அந்தத் தகடு கிடைப்பதே பெரிய விஷயம். பத்திரமாக வை. எம்ஓ என்றால் அந்த 302 இன்ஜின்தான்.

செல்வி அக்கா: அப்பாடா 😊

சித்தப்பா: இன்னும் இரண்டு வேலை. பழைய பெயின்ட்டை உரிக்கும் முன் பானெட்டில் டிரேஸிங் பேப்பர் விரித்து, பழைய பட்டையின் தடம் தெரிகிற இடமெல்லாம் வரைந்து எடு. கடையில் விற்கும் பட்டை கிட்டில் வருகிற அளவை நம்பாதே, உன் வண்டியிலேயே இருக்கிற அளவுதான் அளவு. அடுத்தது, ஃபெண்டரின் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார். பேட்ஜின் பின் நுழைகிற துளைகள் இருக்கும். டிங்கர் வேலை செய்பவர் தேவையில்லை என்று நினைத்து அவற்றை அடைத்துவிடுவார்.

குமார்: இப்போதே கடைக்குப் போன் போட்டேன். உரிக்க வேண்டாம், துளையைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிளியர் கோட்டுக்குப் பதில் சிங்கிள் ஸ்டேஜ், அதாவது மேல்பூச்சு தேவைப்படாத பெயின்ட், அடித்துத் தருவாராம்.

சித்தப்பா: நல்லது. 302 பேட்ஜ் ஒரிஜினலா, புதுசா என்பதைத் துளையின் படம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இரண்டு ஃபெண்டருக்கும் தனித்தனியாக எடுத்து அனுப்பு, ஒன்றை எப்போதாவது மாற்றியிருப்பார்கள்.