டிசி ஷண்ட் ஜெனரேட்டரில் வோல்டேஜ் ஏறவில்லை, உதவுங்கள்

கேள்வி:
பாலிடெக்னிக் மெஷின் லேபில் வேலை. 220 வோல்ட் டிசி ஷண்ட் ஜெனரேட்டர், த்ரீ பேஸ் மோட்டார்தான் சுற்றுகிறது. விடுமுறையில் பேனல் போர்டு மாற்றினார்கள். அதன்பிறகு லோடு இல்லாமல் ஓட்டினாலும் வோல்டேஜ் ஏறவே இல்லை. அடுத்த வாரம் பிராக்டிகல் தேர்வு.

பதில் 1:
எஞ்சிய காந்தம் போயிருக்கும் சார். 12 வோல்ட் பேட்டரியை ஃபீல்டில் (காந்தம் உண்டாக்கும் காயிலில்) கொடுத்து ஃபிளாஷ் பண்ணுங்கள்.

பதில் 2:
பேட்டரிக்கு அவசரப்படாதீர்கள் சார். ஷண்ட் ஜெனரேட்டருக்கு ஃபீல்டு கரண்ட் வெளியிலிருந்து வருவதில்லை. போல் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தம்தான் உறைமோர். அது ஆர்மேச்சரில் (சுற்றும் பகுதியில்) சில வோல்ட் தரும். அதனால் ஃபீல்டில் கொஞ்சம் கரண்ட் ஓடி, காந்தம் கூடி, வோல்டேஜ் மேலே ஏறும். அந்த முதல் சில வோல்ட் இருக்கிறதா? ஃபீல்டு ஸ்விட்சைத் திறந்து வைத்தும் மூடியும் அளந்து சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
திறந்தால் 9, மூடினால் 3. முள் பின்பக்கம் அடித்ததால் மீட்டர் வயரை மாற்றிப் போட்டுத்தான் அளந்தேன்.

பதில் 2:
காரணம் அதுதான். 9 வோல்ட் வருவதால் காந்தம் இருக்கிறது. மூடியதும் குறைகிறதென்றால் ஃபீல்டு கரண்ட் அந்தக் காந்தத்தையே எதிர்க்கிறது. முள் திரும்பியதைப் பார்த்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது. புதுப் பேனலில் இரண்டு பேஸ் மாறியிருக்கும். சப்ளையை அணைத்துவிட்டு மோட்டாரில் ஏதாவது இரண்டு பேஸை மாற்றுங்கள். ஃபீல்டு முனைகளை மாற்றினாலும் வோல்டேஜ் ஏறும், ஆனால் பிளஸ் மைனஸ் தலைகீழாகும். ஆர்மேச்சரிலிருந்து கரண்ட் எடுக்கும் பிரஷ்ஷின் சாய்வும் பழைய திசைக்கென்றே இருந்தால் பொறி பறக்கலாம்.

திறந்து வைத்தபோதே பூஜ்யம் காட்டியிருந்தால்தான் ஃபிளாஷிங். அப்போதும் மெஷினை நிறுத்தி, ஃபீல்டை ஆர்மேச்சரிலிருந்து பிரித்து, பழைய போலாரிட்டியிலேயே சில விநாடிகள் கொடுத்தால் போதும். பேட்டரியை எடுக்கும்போது காயில் பெரிய வோல்டேஜைத் திருப்பி அடிக்கும். வெறும் வயரைக் கையால் பிடிக்கவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
பேஸ் மாற்றினேன், 220 வந்துவிட்டது! ரொம்ப நன்றி சார். ஆனால் ஃபீல்டோடு உள்ள ரியோஸ்டாட்டை (கூட்டிக் குறைக்கும் ரெசிஸ்டன்ஸை) முழுக்கச் சேர்த்தால் 10-ஐத் தாண்ட மறுக்கிறது. இது கோளாறா?

பதில் 2:
கோளாறு இல்லை. ஃபீல்டு சர்க்யூட்டின் மொத்த ரெசிஸ்டன்ஸ் கிரிட்டிகல் அளவைத் தாண்டினால் வோல்டேஜ் ஏறாது. வேகம் குறைந்தால் அந்த அளவும் இறங்கும். மாணவர்களை ரியோஸ்டாட்டைக் குறைத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். எங்கே சட்டென்று ஏறத் தொடங்குகிறதோ, அந்த ரெசிஸ்டன்ஸைக் குறிக்கட்டும்.