பாட்டி வீட்டு மெத்தையும் ஜெனரல் மேனேஜரும்

குழு: தெம்பனிஸ் பாட்டி வீடு
செவ்வாய்க்கிழமை

மீனா அக்கா, காலை 9:42
(வீடியோ, 11:06)
நேற்று இரவு பாட்டி வீட்டில் எடுத்தது. பிள்ளைகள் மல்யுத்தம் விளையாடுகிறார்களாம். யாராவது முழுசாகப் பார்த்தால் சொல்லுங்கள், நான் 3 நிமிடத்தில் விட்டுவிட்டேன்.

பிரகாஷ், காலை 9:58
முழுசாகப் பார்த்தேன் அக்கா. கட்டிப் புரண்டது மொத்தமே 40 வினாடிதான். மிச்ச நேரமெல்லாம் ஆதி முக்காலிமேல் நின்று பேசிக்கொண்டே இருக்கிறான். கழுத்தில் அத்தானுடைய டை, முழங்கால் வரை தொங்குகிறது. டிவி ரிமோட்தான் மைக்.

மீனா அக்கா, காலை 9:59
அது அவருடைய இன்டர்வியூ டை! காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார்.

பிரகாஷ், காலை 10:01
நிலாவும் ரிஷியும் மெத்தையில் தயாராக நிற்கிறார்கள். இவன் “ஆட்டம் ரத்து” என்கிறான். அப்புறம் “ஒருவனுக்கு எதிராக இரண்டு பேர்” என்கிறான். அப்புறம் “உனக்கு வேலை போச்சு” என்கிறான். எட்டாவது நிமிடம் பாருங்கள், ரிஷி மெத்தையிலேயே உட்கார்ந்து முறுக்கு தின்ன ஆரம்பித்துவிட்டான்.

செல்வம் மாமா, காலை 10:04
சபாஷ்! நம் குடும்பத்திலும் டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தக் கம்பெனியின் பழைய முதலாளி வின்ஸ் மெக்மேன் மாதிரி ஒருத்தன்.

பிரகாஷ், காலை 10:06
அதுதான் மாமா என் வயிற்றெரிச்சலே. யாருக்கும் மல்யுத்த வீரனாக ஆசையில்லை, எல்லாருக்கும் மேடையில் வந்து ஆட்டத்தை மாற்றுகிற, கோட்டு போட்ட ஜெனரல் மேனேஜராக வேண்டும். பிள்ளைமேல் தப்பில்லை. 20 வருடமாக டபிள்யூடபிள்யூஇ காட்டியது அதைத்தானே.

செல்வம் மாமா, காலை 10:11
டேய், நான் வாடகைக்கு எடுத்து வந்த கேசட்டைப் பார்த்துத்தான் நீயே கத்துக்கொண்டாய். மெக்மேனைத் திட்டாதே. வில்லனாவதற்கு முன்னால் அவர் மைக் பிடித்து வர்ணனை செய்கிற ஆள், அவ்வளவுதான். முதலாளி அவர்தான் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. 1997 செப்டம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வீரர் ஸ்டீவ் ஆஸ்டின் அவருக்கு ஸ்டன்னர் என்கிற அடி போட்டபோது என் நண்பன் நாற்காலியிலிருந்து விழுந்தான். அதே நவம்பர் 9, மான்ட்ரியல். பட்டம் வைத்திருந்த பிரெட் ஹார்ட் சரணடையவே இல்லை, தோற்றுவிட்டார் என்று இவர் மணியை அடிக்கச் சொன்னார். அது எழுதி வைத்த கதையில்லை, நிஜத் துரோகம். ஊரே வெறுத்தது. அந்த வெறுப்பையே எடுத்து வில்லன் வேஷம் கட்டினார் பார், அதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

பிரகாஷ், காலை 10:19
ஒத்துக்கொள்கிறேன். 1998 ஏப்ரல் 13 அன்று ஆஸ்டினும் மெக்மேனும் மோதப்போகிறார்கள் என்று சொல்லித்தான் 83 வாரம் பார்வையாளர் கணக்கில் தோற்றுக்கொண்டிருந்த மெக்மேனின் ரா நிகழ்ச்சி, எதிரிக் கம்பெனியின் நைட்ரோவை முந்தியது. கடைசியில் மோதல் நடக்கவே இல்லை, இன்னொரு வீரர் மிக் ஃபோலி உள்ளே புகுந்துவிட்டார். ஆனாலும் மாமா, அந்தக் கதையில் வாரா வாரம் கணக்கு தீர்ந்தது. மெக்மேன் ஒரு அநியாயம் செய்தால் ஆஸ்டின் அவர் காருக்குள் சிமென்ட் கொட்டினார், பீர் லாரியைக் கொண்டுவந்து குழாயைத் திருப்பி நனைத்தார். வேலைக்காரன் முதலாளியை அடிக்கிறான், அதற்குத்தான் விசில்.

சுதா அத்தை, காலை 10:23
காலையிலேயே இந்தக் குழுவில் என்ன சண்டை? காப்பிக்கடையில் நிற்கிறேன், போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது.

செல்வம் மாமா, காலை 10:24
எனக்கு ஒரு கோப்பி ஓ வாங்கி வா.

பிரகாஷ், காலை 10:31
அதற்கப்புறம் வந்த மேலாளர்களை எண்ணிப் பாருங்கள். 2002-இல் எரிக் பிஷாஃப். அப்புறம் விக்கி கெரேரோ, வாயைத் திறந்தாலே அரங்கம் கத்தும். 2010-இல் ஒரு மடிக்கணினி! முகம் தெரியாத மேலாளர் மின்னஞ்சல் அனுப்புவார், வர்ணனையாளர் எழுந்து போய்ப் படிப்பார். யாரென்று 2012-இல் காட்டினார்கள், கோமாளி வேஷக்கார ஹார்ன்ஸ்வாகிள். இரண்டு வருடம் காத்திருந்தவன் முகத்தில் கரி. நடுவில் 2011-இல் ஜான் லாரினைட்டிஸ், 2013-இல் மெக்மேன் மகள் ஸ்டெஃபனியும் அவர் கணவர் டிரிபிள் எச்சும் சேர்ந்த ‘அத்தாரிட்டி’ என்கிற முதலாளிக் கூட்டம், 2018-இல் பாரன் கார்பின். ஆள்தான் மாறினார்கள், கதை ஒன்றே: நல்லவன் ஜெயிக்கப் போவான், கோட்டு போட்டவன் வருவான், ஆட்டத்தை மாற்றுவான்.

செல்வம் மாமா, காலை 10:33
வீரர் டேனியல் பிரையன் கதை உனக்குப் பிடிக்கவில்லையா? பொய் சொல்லாதே. ரெசில்மேனியா 30-இல் அவர் பட்டம் ஜெயித்த அன்று நீ அழுதாய், நான் பார்த்தேன்.

பிரகாஷ், காலை 10:40
அழுதேன். 2013 ஆகஸ்டில் பிரையன் ஜான் சீனாவை நேர்மையாக ஜெயித்தார். நடுவராக நின்ற டிரிபிள் எச்சே அவரைக் கவிழ்த்தார், ரேண்டி ஆர்ட்டன் வந்து பட்டத்தை எடுத்துக்கொண்டார். அந்தக் கடன் தீர 2014 ஏப்ரல் ஆனது. ரசிகர்கள் விடாமல் கத்தியதால்தான் தீர்ந்தது. சரி, அதோடு விட்டார்களா? அந்த நவம்பரில் சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியில் அத்தாரிட்டி தோற்றால் பதவி போகும் என்றார்கள். தோற்றார்கள், பழைய வீரர் ஸ்டிங்கே வந்து தோற்கடித்தார். ஐந்தே வாரம். அடிபடவிருந்த பழைய வீரர் எட்ஜைக் காப்பாற்ற சீனாவே அவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. இனி “தோற்றால் போய்விடுவார்” என்றால் எவன் நம்புவான்?

சுதா அத்தை, காலை 10:44
இதைத்தானே நான் தினமும் சீரியலில் பார்க்கிறேன். மாமியார் சிறைக்குப் போவாள், தீபாவளிக்குள் ஜாமீனில் வந்துவிடுவாள்.

பிரகாஷ், காலை 10:47
அத்தை, சீரியலில் மருமகள் ஒரு நாளாவது எதிர்த்துப் பேசுவாள். ஸ்டெஃபனி வீரர்களைக் கன்னத்தில் அறைவார். அவர்கள் ஆறடி உயரம், தலையைக் குனிந்து நிற்பார்கள். பெண்ணைத் திருப்பி அடிக்க முடியாது, அது சரிதான். ஆனால் கணக்கு எங்கே தீரும்? அறைந்தவர் சிரித்துக்கொண்டே போவார், வீரன் சின்னவனாகிவிடுவான். அடுத்த வாரம் அவனைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள்?

சுதா அத்தை, காலை 10:48
எங்கள் ஆபீஸ் மாதிரியே இருக்கிறது.
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வம் மாமா, காலை 10:49
எல்லாரும் படித்துவிட்டோம்.

தாத்தா, காலை 11:15
(குரல் பதிவு, 2:14)

மீனா அக்கா, காலை 11:17
நான் எம்ஆர்டியில் நிற்கிறேன், கேட்க முடியாது. யாராவது எழுதிப் போடுங்களேன்.

பிரகாஷ், காலை 11:26
தாத்தா சொல்கிறார்: “சின்ன வயதில் கேலாங்கில் இருந்த ஹேப்பி வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவுக்கு அப்பா கூட்டிப் போவார். கிங்காங் என்கிற பயில்வான் வருவான். அவன் நடந்து வந்தாலே மேடைப் பலகை கிறீச்சிடும். கெட்டவன் என்று யாரும் சொல்லத் தேவையில்லை, உருவம் சொல்லும். தாரா சிங்கோடு மோதியவன் என்றால் கேட்கவா வேண்டும். 1970-இல் கார் விபத்தில் அடிபட்டு இந்தச் சிங்கப்பூரிலேயே செத்தான், பாவம். முதலாளியா? முதலாளி மேடையில் ஏறி நான் பார்த்ததில்லை. டிக்கெட் சன்னலில் பணம் எண்ணிக்கொண்டிருப்பான். அவன் முகம் யாருக்கு வேண்டும்?”
கடைசி 30 வினாடி இருமல்.

செல்வம் மாமா, காலை 11:30
அப்பா சொல்வதிலும் நியாயம் உண்டு. என் காலத்தில் ஜாக் டன்னி என்று ஒருவர், தலைவர். வருடத்துக்குச் சில தடவைதான் வருவார். 1988-இல் ஹோகன், ஆண்ட்ரே பட்ட ஆட்டத்தில் நடுவரைப் போலவே இருந்த இன்னொருவர் நடுவராக நின்று குளறுபடி நடந்தது. டன்னி வந்தார், பட்டம் யாருக்கும் இல்லை, போட்டி வைத்துத் தீர்ப்போம் என்றார், போய்விட்டார். அதனால்தான் அவர் வந்தால் ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று தோன்றும்.

பிரகாஷ், காலை 11:34
இதைத்தான் நான் ஒரு மணி நேரமாகச் சொல்ல முயல்கிறேன் மாமா! முதலாளி வில்லன் ஊறுகாய் மாதிரி. இலை ஓரத்தில் இருந்தால் சோறு இறங்கும். இவர்கள் ஊறுகாயில் சோற்றைத் தொட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். 2018 டிசம்பரில் மெக்மேன் குடும்பமே மேடையேறி, நிலைமை சரியில்லை, இனி நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மேலாளர்கள் தொல்லை என்று முதலாளிகளே வந்து நின்றார்கள். சிரிப்பதா அழுவதா?

செல்வம் மாமா, காலை 11:36
2024-இல் வீரர் ராக் ‘ஃபைனல் பாஸ்’ என்கிற முதலாளி வேஷத்தில் வந்தபோது நீதான் எனக்கு முதலில் கிளிப் அனுப்பினாய்.

பிரகாஷ், காலை 11:37
அது ராக். அவர் ஊறுகாய் இல்லை, பிரியாணி.

சுதா அத்தை, காலை 11:38
நல்ல நியாயம் இது.

மீனா அக்கா, மதியம் 12:50
இது ஆதி, அம்மா போனில் இருந்து. பிரகாஷ் மாமா, சனிக்கிழமையும் நான்தான் ஜெனரல் மேனேஜர்.

பிரகாஷ், மதியம் 12:52
ஒரு ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் பேசலாம். மிச்ச நேரம் நீயும் மெத்தையில் இறங்கி மோத வேண்டும்.

மீனா அக்கா, மதியம் 12:53
அப்போ சண்டை வந்தா யார் தீர்ப்பாங்க? (ஆதி)

செல்வம் மாமா, மதியம் 12:55
டன்னி மாதிரி ஒரு ஆள் வேண்டும். வரணும், ஒரு வார்த்தை சொல்லணும், உள்ளே போயிடணும்.

பாட்டி, மதியம் 1:20
மெத்தை உறையில் முறுக்கு எண்ணெய். துவைத்து மூங்கிலில் காயப்போட்டிருக்கிறேன். சனிக்கிழமை 4 மணிக்கு மேல் குதிக்கலாம், 6 மணிக்குக் கை கழுவிக்கொண்டு சாப்பிட வரணும். முக்காலியை என் அறையில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

மீனா அக்கா, மதியம் 1:22
சரி பெரிய பாட்டி. (ஆதி)