சியோல் சொன்யூதோ தீவு: தானாக மண்டிய பசுமையா, நட்டு வளர்த்ததா?

ஊர்சுற்றி கேட்கிறார்:
அக்டோபர் கடைசியில் வேலையாக சியோல் போகிறேன், ஒரு நாள் கையில் இருக்கும். ஹான் ஆற்றுக்குள் இருக்கும் சொன்யூதோ பூங்காவின் படங்களைப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. கூரை இல்லாத கான்கிரீட் தூண்கள், அடி முதல் நுனி வரை கொடி. இழுத்து மூடிய பழைய குடிநீர் நிலையத்தை இயற்கை தானாக எடுத்துக்கொண்டதா, தோட்டக்காரர்கள் வேலையா? நட்டது என்றால் மெனக்கெட்டுப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்கிறார் கூட வரும் நண்பர். அப்புறம், அந்தக் கொடி கான்கிரீட்டை அரித்துவிடாதா?

சியோல்வாசி:
நட்டதுதான். 1978 முதல் 2000 வரை நகரின் தென்மேற்குப் பக்கத்துக்குக் குடிநீர் சுத்திகரித்த நிலையம் அது, 2002இல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள், காடு மண்ட எங்கே நேரம்? ஆனாலும் உங்கள் நண்பர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிலவடிவமைப்பாளர் ஜங் யங்-சனும் கட்டடக்கலைஞர் ஜோ சங்-யோங்கும் எதையெல்லாம் இடிக்காமல் விட்டார்கள் என்று பார்க்கத்தான் அங்கே போக வேண்டும். படத்தில் உள்ள தூண்கள், சுத்தம் செய்த தண்ணீரைத் தேக்கிய நிலத்தடித் தொட்டியின் கூரையைத் தாங்கியவை. கூரையை மட்டும் பெயர்த்து எடுத்தார்கள். வடிகட்டும் தொட்டியில் இப்போது அல்லியும் நீர்ச்செடிகளும். வண்டல் படிய வைத்த தொட்டிக்குள் படி இறங்கிப் போனால் இரண்டு பக்கமும் கறை படிந்த சுவர், அதன் ஈரத்தில் பாசி, நிழலில் பெரணி, அந்தப் பாசியை யாரும் நடவில்லை.

இன்னொன்று, அந்தத் தீவில் முன்பு ஒரு குன்று இருந்தது. 18ஆம் நூற்றாண்டு ஓவியர் ஜொங் சொன் அதை வரைந்திருக்கிறார். ஜப்பானியர் ஆட்சியில் கல்லுக்காக அதை உடைக்கத் தொடங்கி, கடைசியில் இல்லாமலே ஆக்கிவிட்டார்கள். அந்தக் குன்றை எந்தக் கொடியும் திருப்பித் தராது, அதனால் அங்கே பழைய இயற்கை திரும்பிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பறவைநோக்கி:
தானாக வந்ததுதான் வேண்டும் என்றால் அதே ஆற்றில் கொஞ்சம் மேலே பம்சொம் இருக்கிறது. அங்கே ஆலை எதுவும் இருந்ததில்லை, மக்கள் குடியிருந்த தீவு. பக்கத்துத் தீவான யோயிதோவுக்குக் கரை கட்டக் கல் எடுக்க 1968இல் அவர்களை வெளியேற்றிவிட்டு வெடி வைத்துத் தகர்த்தார்கள். மிச்சம் கிடந்த பாறைகளில் ஆறு வருடா வருடம் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்க, தீவு மறுபடி வளர்ந்தது, நாணலும் வில்லோ மரங்களும் தாமாக வந்தன, பின்னாலேயே நீர்க்காகங்களும் வாத்துகளும். 2012இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. உள்ளே போக அனுமதி இல்லை, அதுவே நல்லது. மேலே போகும் சொகாங் பாலத்தில் நின்று பாருங்கள், பைனாகுலர் அவசியம்.

சிவில்காரன்:
கொடி பற்றி: அங்கே தூண்களில் ஏறியிருப்பது அந்தப் பக்கத்து மலைகளில் இயல்பாக வளரும் ஒரு திராட்சை வகைக் கொடி. கிட்டப் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு பற்றுக்கம்பியின் நுனியிலும் குண்டூசித் தலை அளவில் ஒரு சின்ன வட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். வேரை உள்ளே விடாது, வட்டால் மேற்பரப்பைப் பிடித்துக்கொண்டு ஏறும், எனவே நல்ல கான்கிரீட்டுக்கு அதனால் பெரிய ஆபத்து கிடையாது. பழைய கான்கிரீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் கம்பிதான். விரிசல் வழியாக ஈரம் இறங்கித் துருப்பிடித்தால் கம்பி பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பட்டை பட்டையாகத் தள்ளிவிடும். விரிசலில் விதை விழுந்து மரம் முளைத்தால் அதுவும் தொல்லை, உடனே பிடுங்க வேண்டும். ஆள் வைத்துப் பராமரிக்காமல் இந்த மாதிரி இடத்தில் மக்களை நடமாட விடவே கூடாது.

ஊர்சுற்றி:
எல்லோருக்கும் நன்றி. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

சியோல்வாசி:
தாராளமாக. காலையில் பம்சொம், மதியத்துக்கு மேல் சொன்யூதோ. 9ஆம் வழித்தட மெட்ரோவில் சொன்யூதோ நிலையத்தில் இறங்கி ஆற்றை நோக்கி நடந்தால் வில் மாதிரி வளைந்த நடைபாலம் நேராகத் தீவில் விடும். நீங்கள் போகும் சமயம் தூண்களில் இலை சிவக்கத் தொடங்கியிருக்கும், வெளிச்சம் சாய்வதற்குள் போய்விடுங்கள்.