180 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்த கேழ்வரகுப் பால்: எழுத்தில் தொடர் வருமானம், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வைகைக்கரை (தொடங்கியவர்)

போன வாரம் தங்கை குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்தது. கேழ்வரகுப் பால் எப்படிக் காய்ச்சுவது என்று கேட்டாள். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் செல்போனில் தேடி, முதலில் வந்த பக்கத்தைத் திறந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். "இரவு முழுக்க ஊறவைத்த கேழ்வரகை அரைத்து, வெள்ளைத் துணியில் இரண்டு முறை பிழியுங்கள். முதல் பால் கெட்டியாக, விரலில் ஒட்டும் பதத்தில் இருக்கும்..."

இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது நான் எழுதியது. 2017-இல், அம்மா அடுப்படியில் பால் பிழிய, பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்து எழுதினேன். 600 வார்த்தை, வார்த்தைக்கு 30 பைசா, மொத்தம் 180 ரூபாய். பக்கத்தில் என் பெயர் இல்லை. மேலே ஒரு விளம்பரம், நடுவில் இரண்டு, கீழே ஒன்று. இத்தனை வருடமாக அந்தப் பக்கம் யாருக்கோ சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2015-லிருந்து 2020 வரை ஐந்து தளங்களுக்கு எழுதினேன். சில நாள் ஒரே நாளில் நான்கு கட்டுரை. காய்ச்சல் வந்து படுத்தால் அந்த வாரம் காசு கிடையாது. பெரியவனுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து மழைக்காலச் சருமப் பராமரிப்பு பற்றி எழுதி அனுப்பினேன். அன்று முடித்தே ஆக வேண்டும் என்றார்கள்.

'தூங்கும்போதும் பணம் வரும்' என்று பாசிவ் இன்கம் பற்றிப் பேசுகிறார்கள். நான் எழுதியவையும் அப்படித்தான் இரவும் பகலும் சம்பாதிக்கின்றன. உரிமை என் கையில் இல்லாததால் எனக்கு வருவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

2020 ஊரடங்கில் ஆர்டர் நின்றது. என்னிடம் பழைய நாவல் ஒன்று பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடந்தது. அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்தே தமிழ்ப் புத்தகம் போடலாம் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். அதற்காக, எல்லாக் கருவியிலும் தெரியும் யுனிகோடு எழுத்துக்கு மாற்றினால் 'கொடுத்தாள்' என்பது 'கெ ாடுத்தாள்' என்று உடைந்து வருகிறது. ஒற்றைக்கொம்பு ஓரிடம், கால் ஓரிடம். 42,000 வார்த்தை. வரி வரியாகத் திருத்த 11 நாள் ஆனது. அப்படித் திருத்தும்போதுதான் கதையில் இருந்த ஓட்டைகளும் கண்ணில் பட்டன, அவற்றையும் அடைத்தேன்.

முதல் மாத ராயல்டி 212 ரூபாய். அதுவும் மாதம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் வங்கிக்கு வந்தது. அவர்கள் கணக்கு அப்படி. கிண்டிலில் நாமே புத்தகம் போடும் சேவையின் பெயர் கேடிபி. அதில் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறெங்கும் போடக் கூடாது, நம் வலைப்பூவில்கூட. அதனால் நான் வலைப்பூவில் தொடராகப் போட்டிருந்த அத்தியாயங்களை எல்லாம் நீக்க வேண்டியிருந்தது. வாசகிகள் சிலருக்குக் கோபம். ஆனால் அதில் சேர்ந்தால்தான் இந்தியாவில் 70 சதவீத ராயல்டி, இல்லாவிட்டால் 35. சந்தா கட்டிப் படிக்கிறவர்கள் புரட்டும் பக்கத்துக்கும் அந்தத் திட்டத்தில்தான் காசு. எனக்கு வருவதில் பெரும்பகுதி இந்தப் பக்கக் கணக்குதான், விற்பனை குறைவு.

மூன்றாவது புத்தகம் வரைக்கும் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. நான்காவது வந்தபோது அதைப் படித்தவர்கள் திரும்பிப் போய் முதல் மூன்றையும் படித்தார்கள். வருமான வரைபடத்தில் பழைய புத்தகங்களின் கோடு மெல்ல எழும்புவதைப் பார்த்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து நின்றேன்.

இப்போது 11 புத்தகம். கடந்த 12 மாதச் சராசரி 8,700 ரூபாய். நல்ல மாதம் 14,300, மோசமான மாதம் 3,900. வீட்டு வாடகைக்குப் போதும், குடும்பம் நடத்தப் போதாது. இன்னும் இரண்டு தளங்களுக்கு எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். உண்மையான எண்களைச் சொல்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் தேவை.

மலைக்கோட்டை

அக்கா, கேழ்வரகுப் பால் கதையைப் படிச்சு மனசு கனத்துப் போச்சு. என் வழி வேற, அதையும் சொல்றேன்.

நம்ம தளத்துல விளம்பரம் போட்டுக் காசு தர்ற கூகுள் ஆட்சென்ஸ், 2018 பிப்ரவரியில தமிழுக்கு வந்துச்சு. நான் அப்ப குரூப் 4 பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தேன். படிக்கிறதையே குறிப்பா எழுதித் தளத்துல போட்டேன். 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு ரகசிய எண் தபால்ல வரும். எங்க தெருத் தபால்காரர் அந்தக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தப்ப, வேலைக்கான ஆர்டர்னு நினைச்சு அப்பா ஓடி வந்தார். 100 டாலர் சேர்ந்தாத்தான் பணம் கைக்கு வரும். எனக்கு அதுக்கு 14 மாசம் ஆச்சு.

பிறகு நல்லாப் போச்சு. ஆங்கில இலக்கணத்தைத் தமிழ்ல விளக்கி 90 பக்கம் எழுதியிருந்தேன், வர்ற கூட்டத்துல பாதி அதுக்குத்தான். 2021 டிசம்பர்ல தமிழ்த் தகுதித் தேர்வு கட்டாயம்னு அரசாணை வந்துச்சு. குரூப் 4-ல பொது ஆங்கிலம்கிற வாய்ப்பே போயிடுச்சு. தமிழ் படிச்ச பிள்ளைகளுக்கு நல்ல முடிவு, அதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்ல. ஆனா என் 90 பக்கமும் ஒரே மாசத்துல ஆளில்லாத வீடாயிடுச்சு.

அதுக்கு முன்னாடியே 2018, 2019-ல பள்ளிப் பாடநூல் மாறினப்பவும் பழைய குறிப்பையெல்லாம் புதுப் புத்தகத்தோட வச்சுப் பார்த்து மாத்தினேன். இப்பவும் தினம் ஒரு மணி நேரம் பழைய பக்கங்களைத் திறந்து பார்க்கிறேன். வயல்ல நட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டா களைதான் விளையும். தேர்வு அறிவிப்பு வந்த மாசம் 20,000 தாண்டும், தேர்வு முடிஞ்ச மறுவாரம் அப்படியே படுத்துடும். இந்த ஏற்ற இறக்கம் தெரிஞ்சுதான் வீட்டுக் கடன் எதையும் இதை நம்பி வாங்கல.

சிறுவாணி

சமையல் புத்தகம் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். 40 வகைப் பொடி பற்றி எழுதி, ஒவ்வொன்றுக்கும் படம் வைத்து 149 ரூபாய் விலை வைத்தேன். 70 சதவீதத் திட்டம். ஒரு பிரதி விற்றால் 100 ரூபாய் வரும் என்று நினைத்தேன், வந்தது 35. அந்தத் திட்டத்தில் கோப்பின் அளவுக்கு ஏற்ப ஒரு எம்பிக்கு 7 ரூபாய் கழிப்பார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. என் கோப்பு 14 எம்பி, 98 ரூபாய் அதிலேயே போய்விட்டது. மீதி 51-இல் தான் 70 சதவீதம். கழிவே இல்லாத 35 சதவீதத் திட்டத்தில் இருந்திருந்தால்கூட 52 கிடைத்திருக்கும்.

மகன் படங்களைச் சுருக்கிக் கொடுத்தான், 3 எம்பி ஆனது. இப்போது ஒரு பிரதிக்கு ஏறக்குறைய 90 ரூபாய். கறிவேப்பிலைப் பொடியின் நிறம் மட்டும் சற்று மங்கிவிட்டது, அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

புதுவரவு

அக்கா, நான் பி.காம் முடிச்சிட்டு வீட்ல இருக்கேன். 'மூணு மாசத்துல மாசம் 30,000, எழுதவே தெரிய வேண்டாம்'னு ஒரு ஆன்லைன் வகுப்புல 4,999 கட்டினேன். ஏஐ எந்திரத்தைக் கேட்டு 50 புத்தகம் தயார் பண்ணிப் போடச் சொன்னாங்க. நான் 16 போட்டேன். நாலு மாசத்துல 61 ரூபாய் வந்துச்சு. ஒரு புத்தகத்துக்கு ஒருத்தங்க, 'இதை எழுதினவங்க ஒரு தடவையாவது படிச்சுப் பார்த்தீங்களா'ன்னு விமர்சனம் போட்டிருந்தாங்க. அதைப் பார்த்து அழுதுட்டேன். அம்மாகிட்ட இன்னும் அந்தப் பணத்தைப் பத்திச் சொல்லல.

வைகைக்கரை

அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடும்மா. மறைத்து வைத்தால் அந்த 4,999 தினமும் கனக்கும். அந்த 16-ஐயும் எடுத்துவிடு. உன் பெயரில் யாராவது பிறகு நல்ல புத்தகம் தேடி வரும்போது அவை வழியில் நிற்கும்.

நீ பி.காம் என்கிறாய். உன் ஊரில் சிறிய கடைக்காரர்கள் ஜிஎஸ்டி கணக்கில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நான்கு கடையில் போய்க் கேள். அவர்கள் கேட்கும் கேள்விகளைத் தமிழில் எழுதிப் பதில் சொல்லு. நீயே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுது. எழுதியதை எனக்கு அனுப்பு, நான் படித்துச் சொல்கிறேன்.

மலைக்கோட்டை

தங்கச்சி, விதி மாறினா பக்கத்தை உடனே மாத்தணும், கணக்கு விஷயம் அது. தேதி போட்டு எழுதிப் பழகு.

கரிசல் மொழிபெயர்ப்பாளன்

வைகைக்கரை மேடம், உங்கள் முதல் பதிவைப் படித்ததிலிருந்து ஒன்று கேட்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தத் தளங்களுக்கு ஏதாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டீர்களா?

நான் 2016-இல் ஒரு பதிப்பகத்துக்கு இரண்டு நூல்கள் மொழிபெயர்த்தேன். மூல நூல்கள் இரண்டும் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்து, பதிப்புரிமை முடிந்து, யாரும் பயன்படுத்தலாம் என்று ஆனவை. கைக்கு 25,000 ரூபாய் தந்து ஒரு பக்கக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு ஒரு வழக்கறிஞர் நண்பர் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திறந்து காட்டினார். 19-ஆவது பிரிவு. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று காகிதத்தில் சொல்லவில்லை என்றால் ஐந்து ஆண்டுதான். எந்த நாட்டுக்கு என்று சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்.

என் காகிதத்தில் கால அளவே இல்லை. 2021-இல் ஐந்து ஆண்டு முடிந்ததும் பதிவுத் தபாலில் பணிவாக ஒரு கடிதம் எழுதினேன். ஒரு மாதம் கழித்து, இனி அச்சிடமாட்டோம் என்று பதில் வந்தது. சண்டை எதுவும் நடக்கவில்லை. அந்த இரண்டும் இப்போது என் மின்னூல்கள். மாதம் 1,500-லிருந்து 2,000 வரை தருகின்றன. தொகை சிறியது. ஆனால் அட்டையில் என் பெயர் இருக்கிறது.

சம்பளத்துக்கு வேலையில் இருந்து எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளியிலிருந்து துண்டு துண்டாக எழுதிக் கொடுப்பவர் நிலை வேறு, 17-ஆவது பிரிவைப் பாருங்கள். தளத்தில் கணக்குத் தொடங்கும்போது ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதனால் நானாக எதுவும் உறுதி சொல்லவில்லை, வக்கீலைக் கேளுங்கள்.

சிறுவாணி

இது எனக்கு இத்தனை நாள் தெரியாது. பத்திரிகைக்கு அனுப்பிய பழைய குறிப்புகளை எல்லாம் எடுத்துப் பார்க்கப் போகிறேன்.

வைகைக்கரை

சார், உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரண்டு நாளாகப் பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினேன். ஐந்து தளங்களில் இரண்டில் மட்டும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது, அதில் உரிமை முழுவதும் நிரந்தரமாக அவர்களுக்கே என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அப்போது படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவை போனவைதான். மற்ற மூன்றில் எதுவும் இல்லை. 'கட்டுரை கிடைத்தது, பணம் அனுப்பிவிட்டோம்' என்ற மின்னஞ்சல்கள் மட்டும்தான். கேழ்வரகுப் பால் அந்த மூன்றில் ஒன்றுக்கு எழுதியது.

412 கட்டுரைகளின் பட்டியலைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன், இதுவரை 130 ஆகியிருக்கிறது. வெள்ளிக்கிழமை வக்கீலைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். அம்மா, தானும் வருகிறேன் என்கிறாள்.