ஜார்ஜ் ஜோன்ஸ் பாடினது தன் சொந்தக் கதையையா?

முத்து_கன்ட்ரி: 1980-ல அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடின 'ஹி ஸ்டாப்டு லவிங் ஹெர் டுடே' அவர் மனைவியா இருந்த டேமி வைனட்டைப் பிரிஞ்ச வலிதான்னு அடிச்சுச் சொல்வேன். பாட்டுல, சாகிற வரைக்கும் உன்னைத்தான் நேசிப்பேன்னு சொன்னவன், செத்த அன்னிக்குத்தான் அதை நிறுத்துறான். அவங்களுக்கு விவாகரத்து ஆனது 1975-ல. வேற யாரை நினைச்சு அந்தக் குரல் அப்படி உடையும்?

ரேகா: இல்லவே இல்லைங்க. எழுதினது பாபி பிராடக், கர்லி புட்மன். ஜோன்ஸுக்கு இந்தப் பாட்டே பிடிக்கல, இவ்வளவு சோகத்தை எவன் வாங்குவான்னு கேட்டவர் அவர். தயாரிப்பாளர் பில்லி ஷெரில்தான் விடாப்பிடியா நின்னு, திரும்பத் திரும்ப மாத்தி எழுத வச்சார். அவனோட அடக்கத்துக்கு அவன் நேசிச்சவ வந்து நிக்கிற இடம் அப்படிக் கிடைச்சதுதான். பாட்டோட உயிரே அங்கதான் இருக்கு.

முத்து_கன்ட்ரி: அதே இடத்துக்கு வாங்க. அந்த நாலு வரி மட்டும் பாட்டில்ல, வெறும் பேச்சு. போதையில ஜோன்ஸால பாட முடியும், பேசினா நாக்கு குழறும். முதல் சரணத்துக்கும் அந்தப் பேச்சுக்கும் நடுவுல 18 மாசம் ஓடிடுச்சுன்னு ஷெரிலே சொல்லியிருக்கார். அந்த மனுஷன் எந்த நிலைமையில இருந்தார்னு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

ரேகா: அது குடிக்கு சாட்சி, டேமிக்கு இல்ல. பாட்டுல அவன் படுக்கை பக்கத்துல இருக்கிற கடிதங்கள் 1962-ல எழுதினது. 'ஐ லவ் யூ' வர்ற இடமெல்லாம் சிவப்பு அடிக்கோடு. ஜோன்ஸ், டேமி கல்யாணமே 1969-லதானே? கணக்கு எங்க உதைக்குதுன்னு பாருங்க.

சலீம்_வினைல்: எனக்குப் பாட்டுல வர்ற அந்த ஆளே நெருடுறான். அவ வேண்டாம்னு போயிட்டா. பழைய கடிதத்துல கோடு போட்டுக்கிட்டே ஒருத்தன் ஆயுசைக் கழிச்சா, அதைக் காதல்னு கொண்டாடணுமா?

முத்து_கன்ட்ரி: அவன் அவளைத் தொந்தரவு பண்ணல சலீம் பாய், தனக்குள்ளேயே வச்சுக்கிட்டான். ரேகா, வருஷக் கணக்கு சரிதான். ஆனா ஆறு வருஷமா தனிப்பாட்டுல முதலிடமே வராத மனுஷனை இதுதான் தூக்கி நிறுத்துச்சு. நாற்பது வருஷத் தொழிலை மூணு நிமிஷப் பாட்டு காப்பாத்துச்சுன்னு அவரே சொன்னார். 2013-ல அவரோட இறுதிச் சடங்குல ஆலன் ஜாக்சன் பாடினதும் இதைத்தான்.

ரேகா: குரல் அவரோடதுதான், அதுல எனக்குச் சண்டையே இல்ல. ஆனா கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் 1980, 1981 ரெண்டு வருஷமும் இதுக்குச் சிறந்த பாடல் விருது கொடுத்துச்சு. அது எழுதினவங்களுக்கான விருது. நீங்க போட்ட முதல் பதிவுல பிராடக், புட்மன் பேரே இல்ல. அதைத்தான் கேட்கிறேன்.