சேண்ட் ஹார்பருக்கு முன்பதிவு தேவையா?

பைன்மரம்: அமெரிக்காவின் லேக் தாஹோ ஏரியில், நெவாடா மாநிலக் கரையில் உள்ள சேண்ட் ஹார்பர் பூங்காவுக்கு, கோடையில் காலை 10:30-க்குள் வண்டியில் போக வேண்டுமென்றால் முன்பதிவு கட்டாயம். எனக்கு இதில் உடன்பாடில்லை. அது மாநிலப் பூங்கா, எல்லாருக்கும் பொது. ஹோட்டலிலும் கடையிலும் வேலை பார்ப்பவருக்கு அடுத்த வாரம் எந்த நாள் லீவு என்றே தெரியாது. அவர் எப்படி முன்கூட்டியே பதிவு செய்வார்?

கிரானைட்: முன்பு இருந்த நிலையைப் பார்த்திருக்கிறீர்களா? வாசல் திறக்கும் முன்பே, ஏரிக்கரையோரம் போகும் 28-ம் எண் சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். போக ஒரு லேன், வர ஒரு லேன்தான், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் சரிவு. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் ஓரத்து மண்ணில் நிறுத்திவிட்டு, ஒரு கையில் குழந்தை, மறுகையில் ஐஸ் பெட்டியோடு வளைவில் நடப்பார்கள். ஏரிக்கும் அதனால் கேடுதான். டயர் அரைத்த நுண்தூள் பனி உருகும்போது ஏரியில் இறங்கி, லேசில் அடியில் படியாமல் மிதந்துகொண்டே இருக்கும். 1968-ல் வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்தபோது 100 அடி ஆழம் வரை தெரிந்தது. இப்போது 60, 70 அடிதான்.

பைன்மரம்: அந்தத் தூளில் பெரும்பங்கு ஊருக்குள் இருக்கும் ரோடுகளிலிருந்தும், குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்கக் கொட்டும் மணலிலிருந்தும் வருகிறது. ஏரி கலங்குவதில் பாசிக்கும் பங்குண்டு. கரை முழுக்க வீடு கட்டியவர்களை விட்டுவிட்டு, ஒருநாள் நீந்த வருகிற குடும்பத்தைத் தடுப்பது நியாயமே இல்லை.

துடுப்பு: வண்டியை விட்டுவிட்டு வரலாமே. பக்கத்து ஊரான இன்க்லைன் வில்லேஜிலிருந்து சேண்ட் ஹார்பர் வரை 3 மைல் பாதை 2019-லேயே திறந்துவிட்டார்கள். சைக்கிளில் வந்தால் வழி நெடுக ஏரியைப் பார்த்துக்கொண்டே வரலாம். 10:30-க்கு மேல் இடமிருந்தால் வண்டிக்கும் பதிவு வேண்டாம்.

பைன்மரம்: அம்மாவையும் சாப்பாட்டுப் பாத்திரங்களையும் சைக்கிளில் ஏற்ற முடியுமா துடுப்பு? "இடமிருந்தால்" என்பதை நம்பி கலிபோர்னியாவின் சான் ஹோசேயிலிருந்து நான்கு மணி நேரம் யார் ஓட்டி வருவார்கள்? கொஞ்சம் இடங்களை அன்றன்றைக்கு என்று ஒதுக்கட்டும்.

கிரானைட்: ஒதுக்கட்டும், சரி. ஆனால் முந்தின நாள் மாலை இணையத்தில் விடட்டும். வாசலில் வைத்துக் கொடுத்தால், விடியும் முன்பே வரிசை திரும்பவும் அந்த 28-ம் எண் சாலையில்தான் நிற்கும்.