பீடி சுற்றும் பெண்களுக்கு எந்தக் கருவி உதவும்?

கேள்வி – பொறியியல் மாணவர், பாளையங்கோட்டை

வணக்கம். முக்கூடல், ஆலங்குளம் வட்டாரங்களில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்களின் முதுகுவலியையும், அவர்கள் மூக்கில் ஏறும் புகையிலைத் தூசியையும் குறைப்பதற்காக, நாற்காலியோடு இணைந்த ஒரு மேசையை இறுதியாண்டுத் திட்டப்பணியாகச் செய்துள்ளோம். பார்த்தவர்கள் பாராட்டினார்கள், வாங்கத்தான் ஒருவரும் முன்வரவில்லை. விலையைக் குறைத்தால் போதுமா?

மறுமொழி – ஆலங்குளத்துக்காரி

தம்பி, விலையைப் பிறகு பார்க்கலாம். என் தாயார் இலையும் தூளும் வைத்த சுளகை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு, கால்களை ஒரு நேரம் மடக்கியும் ஒரு நேரம் நீட்டியும், இடையில் உலையைப் பார்க்க எழுந்தும்தான் நாள் முழுவதும் சுற்றுகிறார். கூலியோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான். உங்கள் மேசையால் ஒரு பீடிக்கு ஒரு நொடி கூடினாலும் ஆயிரத்துக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் போய்விடும். சுற்று சற்றுத் தளர்ந்தால், பீடியை வாங்கிக்கொள்ளும் கடையில் கழித்துவிடுவார்கள்; அந்த இழப்பும் அவருடையதே. தவிர, இரவில் நான்கு பேர் படுக்கும் அறையில் மேசையை எங்கே போடுவது?

மறுமொழி – ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

அம்மா சொல்வது சரி. ஆனாலும் விலையை அப்படி ஒதுக்கிவிட முடியாது. 1992-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில் தொடங்கிய அரோலேப் நிறுவனம், கண்ணுக்குள் பொருத்தும் வில்லையை இங்கேயே செய்து, இறக்குமதி விலையில் சிறு பங்குக்குக் கொடுத்தது. ஏழைகளுக்கும் அது எட்டியது. பார்வை வேண்டாம் என்று சொல்பவர் யாருமில்லை, தடையாக நின்றது விலைதான். ஜெய்ப்பூர் செயற்கைக்காலின் கதை வேறு. ஷூவுக்குள் நுழைக்கவென்றே செய்த பழைய பாதத்தோடு குந்தவோ சப்பணமிடவோ முடியாததால், அது எவ்வளவு மலிந்தாலும் உழவருக்கு உதவியிராது. கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் வெறுங்காலோடு சேற்றில் இறங்கக்கூடிய ரப்பர் பாதத்தைச் செய்தார்கள். தங்கள் மேசை இவற்றுள் எந்த வகை என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்.

மறுமொழி – ஆலங்குளத்துக்காரி

இன்னொன்று. இலை வெட்டும் கத்தரியின் வளையத்தில் பெரும்பாலோர் கிழிந்த சேலைத் துண்டைச் சுற்றியிருப்பார்கள். பெருவிரல் காய்த்துப்போகாமல் இருக்க அவர்களே கண்டுபிடித்த வழி அது. கையுறை போட்டால் இலை விரலுக்குப் பிடிபடாது என்பதால் அதைப் பரிந்துரைக்காதீர்கள். கத்தரியின் பிடியை மாற்ற முடியுமா என்று பாருங்கள். சுளகு மடியிலேயே இருக்கட்டும். செய்து முடித்ததும் பாராட்டைக் கேட்காமல், ஒரு வாரம் அவர்களிடமே விட்டுவைத்து, எந்தக் கத்தரியைக் கையில் எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள்.